இருநூற்று ஐம்பத்தைந்தில் மூன்று

நூலகக் கட்டடத்தின் பின்புறக் கூடத்தில் ஓர் ஊர் இருந்தது. இருபத்துநான்கு அடி நீளம், எட்டடி அகலம், எல்லாம் பலகை மேல். அதைச் சுற்றி ஒரு ரயில் ஓடும். எஞ்சின் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், அட்டைக் குன்று ஒன்று, முப்பத்தொரு வீடுகள். ரயில் சங்கத்தில் உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். ஆளுக்கொரு வீடு என்பது சங்கத்தின் முதல் நாளிலிருந்து வந்த வழக்கம். அவரவர் வீட்டை அவரவரே செய்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மிளகு அளவில் ஒரு பல்பு. முப்பத்தொரு பல்புக்கும் வயர் இழுத்தவர் வயர்மேன். நாற்பது வருடம் கட்டடங்களுக்கு வயரிங் செய்தவர். முழங்கால் தேய்ந்ததும் தொழிலை விட்டார். ஆனால் இந்த ஊருக்காக இரண்டு மாதம் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தார். ஒவ்வொரு வயரிலும் நம்பர் எழுதிய ஒட்டுத்துண்டு இருக்கும். அவர் போட்ட பல்பு எதுவும் இதுவரை கெட்டதில்லை. அது ஒன்றுதான் அவருக்கு இருந்த கர்வம்.

விளக்குகளை ஏற்றி இறக்குவது கம்ப்யூட்டர். அதை எழுதியவன் வயர்மேனின் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. கம்ப்யூட்டர் ஒவ்வொரு பல்புக்கும் ஓர் எண் கொடுக்கும். பூஜ்யம் என்றால் இருட்டு. இருநூற்று ஐம்பத்தைந்து என்றால் முழு வெளிச்சம். ஊரின் ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம். விடியும், உச்சி வரும், விளக்கு வைக்கிற நேரம் வரும். வீடுகள் ஒன்றொன்றாக மெல்லக் கண் திறக்கும். அப்புறம் நடுராத்திரி, நாற்பது வினாடி. அப்போது எல்லா வீடும் அணைந்துவிடும்.

சங்கத்தின் செயலாளர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் வருகைப்பதிவேடு அவரை விடவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று ஒரு யோசனை சொன்னார். வராதவர் வீட்டு விளக்கு மங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை வராவிட்டால் இருபத்தைந்து எண் குறையும்; அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டால் பழையபடி ஏறிவிடும். எல்லோரும் சிரித்தார்கள், கை தூக்கினார்கள். வயர்மேனும் சிரித்தபடி கை தூக்கினார். அப்போது அவர் மனைவிக்கு உடம்பு நன்றாக இருந்தது.

நாம் சட்டம் போடும்போது நம் வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கடவுள் இதை எத்தனை முறை பார்த்திருப்பாரோ.

மூன்று மாதம் கழித்து அவளுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மிஷினில் படுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடைத்த இடம் செவ்வாய், வியாழன், சனி. வயர்மேன் பத்து சனிக்கிழமை போகவில்லை. பதினேழாம் எண் வீடு, அவர்களுடைய வீடு, பத்துப் படி இறங்கி ஐந்தில் வந்து நின்றது.

"அடுத்த வாரம் ஜீரோ ஆயிடும் சார். என்ன பண்ணட்டும்?" என்று தம்பி செயலாளரைக் கேட்டான்.

"முழுசா அணைக்காதே. அணைச்சா பல்பு போச்சுன்னு நினைச்சுப்பாங்க. தெரிஞ்சும் தெரியாமலும் எரியணும். அப்பதான் தண்டனைன்னு புரியும்."

தம்பி அந்த வீட்டை ஊரின் கால அட்டவணையிலிருந்து எடுத்துத் தனியாக ஒரு பட்டியலில் போட்டான். நிரந்தரமாக மூன்று என்று எழுதினான்.

அந்த வீட்டை வைத்துச் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஆரம்பித்தவர் தையல்காரர். பருத்த உடம்பு, பருத்த சிரிப்பு. ஒரு சனிக்கிழமை அவர் அந்தப் பதினேழாம் வீட்டு வாசலில் 'வாடகைக்கு' என்று நகத்தளவு பலகை ஒன்றைத் தொங்கவிட்டார். கூடமே சிரித்தது. ஒரு தடவை சிரிப்பு கிடைத்தவனுக்கு இன்னொரு தடவை வேண்டியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து வெள்ளை அட்டையில் ஓர் ஆம்புலன்ஸ் செய்து, காலர் பட்டன் நான்கைச் சக்கரமாகத் தைத்து, வாசலில் நிறுத்தினார். அன்றைக்குச் செயலாளர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தம்பியும் சிரித்தான்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்; இவனுக்கு ஆடவில்லை. இத்தனைக்கும், வீட்டில் இருந்த ஒரே மேசை தம்பி படிக்க வேண்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டு, தையல் மெஷினை நடைவழியில் போட்டு, போகிறவர் வருகிறவர் காலில் இடிபட்டுத் தைத்தவள் அந்த அக்கா. தையல்காரருக்கும் அவளைத் தெரியும். பதினெட்டு வருடம் அவர் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

*

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில், பின்பக்க வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். சொந்தமாக வீடு கட்ட வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி, கடைசியில் கட்டியது அந்த இரண்டங்குல வீட்டைத்தான். சுவர் அவர் அறுத்தது. இரண்டு ஜன்னலுக்கும் சிவப்புத் திரை தைத்தது அவள், ஒரு பழைய ரவிக்கையின் கை ஓரத்திலிருந்து. ஊர் இருட்டில் அந்த வீட்டில் விளக்கு எரிவதை அவள் ஒரே ஒரு முறை, ஊரைக் கட்டி முடித்த நாளில் பார்த்தாள். பிறகு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி இறக்குவதைத் தவிர வேறெதற்கும் படியிறங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை.

அந்த வாரம் டாக்டர் வயர்மேனைத் தனியாக அழைத்து, இனி நாள்களைக் கையில் எண்ணிவிடலாம் என்றார். வீட்டுக்கு வந்து அவர் மருந்துச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்தார். அவள்தான் பேசினாள்.

"டாக்டர் சொன்னதை நீங்க மறைக்கறதுக்குள்ள உங்க மூஞ்சி சொல்லிடுச்சு. விடுங்க. ஞாயித்துக்கிழமை உங்க சங்கத்துல எல்லாரும் வந்து பாக்கலாமாமே? என்னைக் கூட்டிட்டுப் போங்க. நம்ம வீட்ல விளக்கு எரியறதைப் பாத்துட்டு வந்துடறேன்."

"ஆஸ்பத்திரி போதாதுன்னு அன்னைக்கும் மூணு மாடி இறங்கணுமே."

"இறங்கறது கஷ்டமில்லை. அப்புறம் ஏத்தறது உங்க கவலை."

அவளுக்கு அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. மங்கியதையும் சொல்லவில்லை, பலகையையும் வண்டியையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவர் கூடத்துக்குப் போனார். ஞாயிறு ஏற்பாட்டுக்காக ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வரேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் எங்க லைட்டைக் கொஞ்சம் ஏத்திவெச்சா நல்லாயிருக்கும்."

செயலாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உங்களுக்கு ஏத்தினா முப்பது பேரும் வந்து கேப்பாங்களே?"

"முப்பது பேர் வீட்லயும் எரிஞ்சிட்டுத்தானே சார் இருக்கு."

"ஓட்டெடுத்தப்ப நீங்களும் கை தூக்கினீங்க. மினிட்ஸ்ல இருக்கு."

"அந்தக் கையைத்தான் சார் இப்ப நீட்டிக் கேக்கறேன்."

ஏணி மேல் நின்ற தையல்காரர் திரும்பினார். "ஏத்திவிடுங்க சார், பாவம். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வீடு அடையாளம் தெரிய வேணாமா?"

சிரிப்பு எழுந்தது. வயர்மேனும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தார். அப்படிச் சிரிக்காவிட்டால் அந்த இடத்தில் நிற்க முடிந்திருக்காது. பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போனார்.

"உங்க அக்கா உன்னைக் கேட்டாடா."

"நான் ஒண்ணும் பண்ணலை மாமா. வருகைப்பதிவைப் போட்டா ப்ரோகிராம் அதுவா கணக்குப் பாத்துக்குது."

"ஒரு எட்டு வந்து அவளைப் பாத்துட்டாவது போயேன்."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும் மாமா. இப்ப மூச்சு விட நேரமில்லை."

வயர்மேன் திரையைப் பார்த்தபடி நின்றார். "இப்ப எங்க நம்பர் எவ்வளவு?"

"மூணு."

"ராத்திரிலயும் மூணா?"

"உங்க வீடு தனி லிஸ்ட் மாமா. ஊரோட டைம்டேபிளுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. பகல், ராத்திரி, எப்பவுமே மூணுதான்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த வயர்மேன், தெருமுனை போவதற்குள் நின்றுவிட்டார். நாற்பது வருடம் வெளிச்சத்தோடு புழங்கியவர் அவர். எண் பாதியானால் கண்ணுக்கு வெளிச்சம் பாதியாகாது என்று தெரியும். சுற்றிலும் வெளிச்சம் இருக்கும்போது மூன்று என்பது ஒன்றுமே இல்லை. சுற்றிலும் இருட்டாக இருந்தால் மூன்று என்பது ஒரு விளக்கு. ஊரின் நடுராத்திரியில் முப்பது வீடும் அணைந்துவிடும். கால அட்டவணையில் இல்லாத அவர் வீட்டை அணைக்கத்தான் யாரும் எழுதவில்லை.

ஒரே தடை, கூடத்தின் ட்யூப்லைட். ஆள்கள் உள்ளே இருக்கும்போது அதை அணைக்கக் கூடாது என்பதும் செயலாளர் போட்ட விதிதான்.

*

ஞாயிறு பிற்பகல் கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்கினார்கள். சக்கர நாற்காலியை வயர்மேன் ஆஸ்பத்திரியில் இரவல் கேட்டு வாங்கியிருந்தார். கூடத்து வாசலில் செயலாளர் ஒரு நோட்டை நீட்டினார்.

"பார்வையாளர் புத்தகம். கையெழுத்துப் போடுங்க."

"நான் உறுப்பினர்தானே சார்?"

"உறுப்பினர் வருகை சனிக்கிழமைக்கு. இன்னைக்கு நீங்க பார்வையாளர்."

வயர்மேன் கையெழுத்திட்டார். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

உள்ளே நல்ல கூட்டம். ஊருக்கு அப்போது மத்தியானம். நாற்காலி வருவதைத் தையல்காரர் தூரத்திலேயே கண்டுவிட்டார். அவளைப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருக்கும். சேலைக்குள் ஆளே இல்லாதது போல் இருந்தாள். முகம் வீங்கி, கை மட்டும் குச்சியாக இருந்தது. அந்தக் கையின் ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் காய்த்த தழும்பு. அது அவருடைய சட்டைகளுக்காகக் காய்த்தது. அவருக்குச் சட்டென்று வாசலில் நிற்கும் வண்டி ஞாபகம் வந்தது. நாலே எட்டில் போய் மேசை ஓரத்தில் பதினேழாம் வீட்டை மறைத்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தொப்பை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

"என்ன மாஸ்டர், எங்க வீட்டு வாசலை அடைச்சிட்டு நிக்கறீங்க? வாடகைக்கு வந்திருக்கீங்களா?" என்றாள் அவள்.

"இல்லம்மா... சும்மாதான்... காத்தாட..."

"நாலு பேர் நிக்கற இடத்துல நின்னுட்டுக் காத்து எங்கருந்து வரும்?"

அவர் கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. பலகையையும் வண்டியையும் கிள்ளி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் நகர்ந்தார்.

அவள் கழுத்தை நீட்டிக் கம்ப்யூட்டர் இருந்த மூலையைப் பார்த்தாள். "தம்பி!"

அவன் கையை உயர்த்திக் காட்டினான். "வரேன்க்கா, ஒரு நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷம் வரவில்லை. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். செயலாளரின் வீட்டைப் பார்த்து, "பள்ளிக்கூடம் மாதிரியே கட்டியிருக்கார். மணி ஒண்ணுதான் குறை" என்றாள். பிறகு தங்கள் வீட்டைப் பார்த்தாள். அந்தி வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வீடுகள் மஞ்சளாகத் துலங்கின. அவர்கள் வீடு மட்டும் ஒரு கட்டை போல் இருந்தது.

"ஏங்க, நம்ம வீட்ல கரண்ட் இல்லையா?"

"கொஞ்சம் இரு. இன்னும் மூணு நிமிஷம்."

வயர்மேன் தையல்காரரின் பக்கம் சரிந்து மெதுவாகச் சொன்னார். "மாஸ்டர், ஒரு உதவி. ஊருக்கு நடுராத்திரி வரும்போது நாப்பது செகண்ட் ட்யூப்லைட்டை அணைக்கணும். சுவிட்சு உங்க பின்னாடிதான் இருக்கு."

தையல்காரர் செயலாளரைப் பார்த்தார். வயர்மேனைப் பார்த்தார். சட்டைப்பையை ஒரு தரம் தொட்டுக்கொண்டார்.

வீடுகள் ஒன்றொன்றாக அணைந்தன. கடைசியாக ஸ்டேஷன் பக்கத்து வீடு. அப்போது சுவரில் 'டக்' என்று ஒரு சத்தம். கூடம் இருண்டது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கண் பழகியது. குன்றின் அடியில், ஊசித் துளை வழியே கசிந்தது போல, சிவப்பாக இரண்டு சதுரங்கள்.

"அட" என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து, "திரை தெரியுது பாருங்க. நான் ஓரம் மடிச்சது கூடத் தெரியுது" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஊரே தூங்கிடுச்சு. நாம தூங்கலையா?"

"நீ எங்க தூங்க விடறே? பேசிட்டேதான் இருக்கே."

இருட்டில் அவள் சிரிப்பது கேட்டது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "ஐயோ, எவ்வளவு அழகு! அந்த வீட்ல மட்டும் யாரு முழிச்சிட்டிருக்கா?" என்று கேட்டாள். ஒருவர் கை தட்டினார். பலரும் தட்டினார்கள். ஊருக்கு விடிய ஆரம்பித்ததும் ட்யூப்லைட் எரிந்தது.

செயலாளர் முகம் சிவந்திருந்தது. "யாரு லைட்டை அணைச்சது?"

"தெரியாம சுவிட்சு மேல சாஞ்சுட்டேன் சார்" என்றார் தையல்காரர்.

செயலாளர் நேரே கம்ப்யூட்டரிடம் போனார். "என்னப்பா இது? மாசக்கணக்கா வராத வீட்டுக்குக் கைதட்டலா? ஒழுங்கா வர்றவன் எல்லாம் இருட்டுல இருக்கான்!"

"என் தப்புதான் சார். டைம்டேபிள்ல இருந்து எடுத்தப்ப, நடுராத்திரி அணையணும்கிறதும் சேர்ந்து போயிடுச்சு. இதோ, ஒரே செகண்ட்."

ஒரே செகண்டுதான் ஆயிற்று. மூன்றை அழித்துப் பூஜ்யம் போட்டான். இருபதடி தள்ளி அக்கா உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். ஆனால் திரையில் அக்கா இல்லை. பதினேழு என்று ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் இன்னோர் எண்ணும் இருந்தன. உலகத்தில் நடக்கிற கொடுமைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், கோபமே இல்லாமல், ஒரு தப்பைத் திருத்துகிற திருப்தியோடு நடந்துவிடுகின்றன.

வயர்மேன் நாற்காலியைத் திருப்பினார். "போலாமா? உனக்கு மூச்சு வாங்குது."

"இன்னொரு தடவை. அதைப் பாத்துட்டுப் போயிடலாம்."

"பன்னெண்டு நிமிஷம் ஆகும்."

"ஆகட்டும். எனக்கு வேற என்ன வேலை? துணியா தைக்கப் போறேன்?"

காத்திருந்தார்கள். ரயில் ஒன்பது முறை சுற்றி வந்தது. அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண் மட்டும் வீட்டை விடவில்லை. விடிந்தது, வெயில் ஏறியது, அந்தி வந்தது, விளக்குகள் வந்தன, அணைந்தன. 'டக்.' தையல்காரர் இந்த முறை செயலாளரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டு. கண் பழகுவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கண் பழகியது. குன்று தெரிந்தது, தண்டவாளத்தின் கோடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

மூலையிலிருந்து தம்பியின் குரல், வேலை முடித்தவனின் குரல், தெளிவாகக் கேட்டது. "இப்ப சரியாயிடுச்சு சார். பதினேழு ஜீரோ."

வயர்மேனின் கை நாற்காலிப் பிடியில் இறுகியது. அவள் தலையை அவர் பக்கம் திருப்பினாள்.

"தம்பி என்னமோ சொன்னானே. என்னவாம்?"

"பல்பு போயிடுச்சாம்" என்றார் வயர்மேன். "நான் போட்ட பல்புதான். வயரைச் சரியா பத்தவைக்கலை போல இருக்கு."

நாற்பது வருடத்தில் அவர் தன் வேலையைத் தானே குறை சொன்னது அதுதான் முதல் தடவை. அது அவளுக்குத் தெரியும். மேசைக்கு அடியில் படுத்து ஒவ்வொரு பல்பையும் அவர் மூன்று முறை சோதித்ததும் தெரியும். தம்பி சொன்னது காதில் நன்றாகவே விழுந்திருந்தது.

"அதானே பாத்தேன்" என்றாள். "உங்க வயரிங் லட்சணம் என்னிக்கு நல்லாயிருந்துச்சு? காலம் பூரா இப்படித்தான். அவனைப் போய் எதுவும் கேக்காதீங்க. தப்பு உங்க மேல."

"ஆமா. என் மேலதான்."

அவள் கையைப் பின்னால் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். ஊருக்கு விடிந்தது.

வாசலில் இரண்டு படிகள் இருந்தன. தையல்காரர் ஓடி வந்து நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்து இறக்கினார். இறக்கிய பிறகும் பிடியை விடவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்து நின்றார்.

"மாஸ்டர், அந்தச் சட்டைப்பைல இருக்கற வண்டியை எடுங்க" என்றாள் அவள்.

தையல்காரரின் முகம் வெளுத்தது.

"வரும்போதே பாத்துட்டேன். உங்க தொப்பை என்ன, அவ்வளவு பெரிசுன்னு நினைப்பா? எடுங்க."

அவர் எடுத்தார். வெள்ளை வண்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பின்சக்கரம் கோணலா இருக்கு. பட்டனுக்குக் குறுக்குத் தையல் போட்டிருந்தா நேரா நின்னிருக்கும். பதினெட்டு வருஷம் சொன்னேன், நீங்க கேக்கலை."

"அம்மா, நான்..."

"எனக்காகத்தானே செஞ்சீங்க? எங்கிட்டயே இருக்கட்டும்." அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

தையல்காரர் நாற்காலியைத் தள்ளுகிற பிடியை வயர்மேனிடமிருந்து வாங்கிக்கொண்டார். தெருவைக் கடந்து, அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் அடிவரை தள்ளினார். கீழ்வீட்டுக்காரர்கள் இல்லை. அவளைக் குழந்தை போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மூன்று மாடியும் ஏறினார். அவள் கையில் அந்த வண்டி இருந்தது. வயர்மேன் தேய்ந்த முழங்காலோடு பின்னால் வந்து, இருட்டாக இருந்த மாடிப்படியில் ஒவ்வொரு தளத்து விளக்கையும் போட்டுக்கொண்டே வந்தார்.

கூடத்தில் தம்பி அடுத்த கூட்டத்துக்காக ஊரை மறுபடி விடிய வைத்துக்கொண்டிருந்தான்.